பிழை தெரியும்படி அமைந்த மூலக்கூறு

டி.என்.ஏ. என்றதும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள்தாம் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. மரபணுவை 'வாசிக்கிறோம்', 'திருத்துகிறோம்', 'நகலெடுக்கிறோம்' என்று பேசிப் பேசி, அவை தண்ணீரில் ஊறிக் கிடக்கும் வேதிப்பொருள்கள் என்பதே மறந்துபோய்விட்டது. இன்று நான் பேசப்போவது அந்த எழுத்துகளின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன அணுக்கூட்டங்களைப் பற்றி. ஹைட்ராக்சில், அமினோ, கார்பனைல், மெத்தில், பாஸ்பேட் என்று பள்ளியில் வினைசெயல் தொகுதிகள் என்ற தலைப்பில் மனப்பாடம் செய்தோமே, அவைதாம். பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் வேலை டி.என்.ஏ.வுக்குக் கிடைத்தது அது எளிதில் கெடாத பொருள் என்பதால்தான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இது பாதி உண்மை. உடல் வெப்பத்தில், தண்ணீருக்குள், அது ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான இடங்களில் கெட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் வினைசெயல் தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கேடு வராமல் காப்பதைவிட, வந்த கேடு கண்ணில் படவும் அதைச் சரிசெய்ய வழி இருக்கவும் ஏற்றபடி அவை அமைந்திருப்பது தெரியும். இதுதான் என் வாதம். இதற்கு ஆதாரங்களும் உண்டு, வலுவான மறுப்புகளும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் எனக்கு எதிராக நிற்கும் சாட்சியையே அழைத்துவிடுகிறேன். அது பாஸ்பேட். 1869இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து பிரீட்ரிக் மீஷர் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, புரதங்களில் காணாத அளவுக்குப் பாஸ்பரஸ் இருந்ததுதான் அவர் கவனத்தை இழுத்தது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று கைகள் உண்டு. டி.என்.ஏ.வில் இரண்டு கைகள் இருபுறமும் உள்ள சர்க்கரைகளை எஸ்டர் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவது கை அமிலமாகவே மிச்சமிருந்து, செல்லின் நடுநிலையான சூழலில் தன் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையோடு நிற்கிறது. 1953 பிப்ரவரியில் லைனஸ் பாலிங் வெளியிட்ட மும்மடிச் சுருள் மாதிரி கவிழ்ந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கையை அவர் மறந்ததுதான். பாஸ்பேட்டுகளை நடுவில் குவித்து, அவற்றில் புரோட்டான்களை அப்படியே விட்டு வைத்திருந்தார். பெயரிலேயே அமிலம் என்றிருக்கும் ஒரு பொருளை அமிலமில்லாததாக வரைந்தவர், வேதிப்பிணைப்பைப் பற்றி உலகுக்கே பாடம் எழுதியவர்! அந்த எதிர்மின்சுமைதான் சங்கிலிக்குக் காவல். எலக்ட்ரான்களோடு பாஸ்பரஸைத் தாக்க வரும் தண்ணீரையும் ஹைட்ராக்சைடையும் அது தள்ளி நிறுத்துகிறது. பிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுவே: இரண்டு கைகளால் இணைத்துவிட்டு, மூன்றாவது கையால் காவலும் காக்கும் அமிலம் வேறொன்று கிடைப்பது அரிது. அறை வெப்பத்தில், எந்த நொதியும் இல்லாமல், தண்ணீர் மட்டும் பாஸ்பரஸைத் தாக்கி இந்தப் பிணைப்புகளில் பாதியை முறிக்கச் சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 2006இல் அளந்து சொன்னார்கள்.

மூன்று கோடி ஆண்டுகள் தாங்கும் சங்கிலியை வைத்துக்கொண்டு கெட்டுப்போகும் பொருள் என்று பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். அதே பாஸ்பேட், அதே எஸ்டர் பிணைப்பு ஆர்.என்.ஏ.விலும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்.என்.ஏ.வுக்கு அந்த ஆயுள் இல்லை. 1945இல் ஷ்மிட், தன்ஹவுசர் என்ற இருவர் வகுத்த செய்முறை பல ஆண்டுகள் ஆய்வகங்களில் வழக்கத்தில் இருந்தது. திசுச் சாறைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு 37 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிட வேண்டியது. காலையில் அமிலம் சேர்த்தால் டி.என்.ஏ. வீழ்படிவாக அடியில் தங்கும். ஆர்.என்.ஏ. துண்டுதுண்டாகி மேலே கரைசலில் நிற்கும். இரண்டுக்கும் சர்க்கரையில் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. ரைபோஸின் இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி டி ஆக்ஸி ரைபோஸில் இல்லை. அந்த ஒரு தொகுதி ஏன் இவ்வளவு செய்கிறது என்பதை 1952இல் கேம்பிரிட்ஜில் பிரவுனும் அலெக்சாண்டர் டாட்டும் விளக்கினார்கள். அந்த ஹைட்ராக்சில் பக்கத்திலேயே உள்ள பாஸ்பேட்டை எட்டித் தாக்குகிறது; ஐந்து அணு வளையம் ஒன்று உருவாகிறது; சங்கிலி அந்த இடத்தில் அறுகிறது. வளையம் பிறகு இரண்டில் ஒரு பக்கமாகத் திறந்துகொள்வதால்தான், உடைந்த துண்டுகளில் பாஸ்பேட் பாதி இரண்டாம் கார்பனிலும் பாதி மூன்றாம் கார்பனிலும் இருந்தது. அதுவரை யாருக்கும் பிடிபடாத புதிர் அது. ஆக, ஆர்.என்.ஏ.வுக்குப் பகை அதன் உடம்பிலேயே இருக்கிறது. அந்தப் பகையை எடுத்துவிட்டதுதான் டி.என்.ஏ. என்பது பாடநூல் சொல்லும் கதை. இது வரைக்கும் எனக்கும் உடன்பாடே.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அந்த ஹைட்ராக்சிலை எடுத்ததற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 1924இல் ராபர்ட் பாயில்ஜன், ரோசன்பெக் என்ற தம் உடன் ஆய்வாளரோடு கண்டறிந்த சாயமேற்றும் முறை அந்த விலையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. வெங்காய வேர் நுனியை 60 டிகிரி சூட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் வைக்கிறார்கள். பிறகு நிறமில்லாத ஷிஃப் கரைசலில் இடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உட்கருக்கள் மட்டும் ஊதா கலந்த சிவப்பாகத் துலங்குகின்றன. சுற்றியுள்ள சைட்டோபிளாசம், அதில் ஆர்.என்.ஏ. நிறைய இருந்தும், வெளுப்பாகவே நிற்கிறது. ஷிஃப் கரைசல் ஆல்டிஹைடு தொகுதிக்கு நிறம் காட்டுவது. டி.என்.ஏ.வில் ஆல்டிஹைடு எங்கிருந்து வந்தது? அமிலம் அடினினையும் குவானினையும், அதாவது ஏ, ஜி என்ற எழுத்துகளான காரங்களை, சர்க்கரையிலிருந்து கழற்றிவிட்டது. காரம் கழன்ற இடத்தில் சர்க்கரை வளையம் திறந்து ஆல்டிஹைடாக வெளிப்படுகிறது. ரைபோஸில் இது எளிதில் நடப்பதில்லை. அங்கே இரண்டாம் கார்பனின் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், காரம் கழலும்போது உருவாக வேண்டிய நேர்மின் இடைநிலை உருவாகத் தயங்குகிறது. டி.என்.ஏ.வில் அந்த ஆக்சிஜன் இல்லை, தயக்கமும் இல்லை. உடலுக்குள் அமிலக் குளியல் எதுவும் இல்லைதான், ஆனால் வெறும் தண்ணீரே மெதுவாக இதைச் செய்கிறது. தாமஸ் லிண்டால் 1970களின் தொடக்கத்தில் அளந்த கணக்குப்படி, ஒரு மனித செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 அடினின்களும் குவானின்களும் இப்படிக் கழன்று விழுகின்றன.

ஆகவே, இரண்டாம் ஹைட்ராக்சிலை நீக்கியதால் மூலக்கூறு உறுதியானது என்று சொல்வது பாதிக் கணக்கு. ஒரு பலவீனத்தைக் கொடுத்து இன்னொரு பலவீனத்தை வாங்கிக்கொண்டது என்பதே முழுக் கணக்கு. அப்படியானால் இந்தப் பண்டமாற்று ஏன் லாபமானது? சங்கிலி அறுந்தால் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டும் என்பதற்கான தடயம் பறிபோகலாம். காரம் மட்டும் கழன்றால் சங்கிலி இருக்கிறது. கழன்ற இடம் ஆல்டிஹைடாகப் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. எதிர் இழையில் அதன் ஜோடி இன்னும் இருக்கிறது. எது விழுந்தது என்பதை எதிரில் இருப்பதே சொல்லிவிடும். நொதிகள் அந்த இடத்தை வெட்டி, எதிர் இழையைப் பார்த்து மறுபடி நிரப்பிவிடுகின்றன. (கவனிக்காமல் விட்டால் அந்த ஆல்டிஹைடே அடுத்து சங்கிலியை அறுக்கும், ஆகவே செல் அவசரப்படுகிறது.) திருத்த முடியாத பழுதைக் குறைத்துக்கொண்டு, திருத்தக்கூடிய பழுதை அதிகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது இந்த மூலக்கூறு.

எதிர் இழை ஜோடியைச் சொல்லும் என்றேன். அந்த ஜோடிப் பொருத்தமும் வினைசெயல் தொகுதிகளின் வேலைதான். அமினோ தொகுதி ஹைட்ரஜனைக் கொடுக்க, கார்பனைல் தொகுதி வாங்கிக்கொள்கிறது. 1953 தொடக்கத்தில் ஜேம்ஸ் வாட்சன் இந்தப் பொருத்தத்தைத் தேடியபோது, அன்றைய பாடநூல்கள் குவானினையும் தைமினையும் ஈனால் வடிவில், அதாவது கார்பனைலுக்குப் பதில் ஹைட்ராக்சிலோடு, வரைந்திருந்தன. அதே அறையில் பணியாற்றிய அமெரிக்க வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ அது தவறு, கீட்டோ வடிவம்தான் சரி என்று சொல்லாமலிருந்தால் ஏ–டி, ஜி–சி ஜோடி அப்போது அமைந்திருக்காது. ஒரு ஹைட்ரஜன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியில் இரட்டைச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு மறுப்பைச் சொல்லியாக வேண்டும். 1997இல் எரிக் கூல் குழுவினர் தைமினின் உருவத்தையே கொண்ட, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறக்குறைய லாயக்கில்லாத ஒரு போலியைச் செய்தார்கள். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்களில் ஃபுளூரின். நகலெடுக்கும் நொதி அதன் எதிரே அடினினைத்தான் சரியாகக் கொண்டுவந்து வைத்தது! ஆகவே நகலெடுப்பில் உருவத்தின் பொருத்தமே பெரும்பங்கு வகிக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பே எல்லாம் என்ற பழைய பாடத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளத்தான் வேண்டும். என் வாதத்துக்கு இதனால் பாதகமில்லை. உருவத்தால் அடையாளம் காணும் வழக்கம் இனி சொல்லப்போகும் விஷயத்துக்குத் துணையாகவே வரும்.

ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைக் கட்டுபவர்களைக் கேட்டால், நான்கு எழுத்துகளில் ஒன்று மற்ற மூன்றைப் போல இல்லை என்பார்கள். டாட்டின் ஆய்வகத்தில் சில காலம் பணிபுரிந்த ஹர் கோவிந்த் குரானா பிற்பாடு மரபணுவையே செயற்கையாகக் கட்டினார். அவர் வழிவந்தவர்கள் இன்றும் செய்வது, அடினின், குவானின், சைட்டோசின் மூன்றிலும் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அமினோ தொகுதியை முதலில் ஒரு மூடியால் மூடிவிடுவது. மூடாவிட்டால் அது வேண்டாத இடத்தில் வினைபுரியும். தைமினுக்கு மூடி வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு அப்படி ஓர் அமினோ தொகுதியே கிடையாது. செல்லுக்குள்ளும் அந்த மூன்று அமினோ தொகுதிகள்தாம் தொல்லை. தண்ணீர் அவற்றைத் தாக்கி, அமினோவை அம்மோனியாவாக வெளியேற்றி, அந்த இடத்தில் கார்பனைலை வைத்துவிடுகிறது. மூன்றிலும் அதிகம் பாதிக்கப்படுவது சைட்டோசின். இரட்டைச் சுருளில் பத்திரமாக இருக்கும் ஒரு சைட்டோசின் உடல் வெப்பத்தில் இப்படி மாறுவதற்கான அரை ஆயுள் சுமார் 30,000 ஆண்டுகள் என்று அளந்திருக்கிறார்கள். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிம்மதி போய்விடும். ஒரு மனித செல்லில் தாய்வழி, தந்தைவழி டி.என்.ஏ. தொகுப்புகள் இரண்டையும் சேர்த்துச் சுமார் 250 கோடி சைட்டோசின்கள். அவற்றில் ஒரு நாளைக்கு எத்தனை மாறும்? சுமார் 160. மற்ற வழிகளில் வந்த மதிப்பீடுகளும் ஒரு செல்லுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 500 வரை என்றுதான் சொல்கின்றன.

அமினோவை இழந்த சைட்டோசின் என்னவாகிறது? யுராசிலாகிறது. யுராசில் அடினினோடு ஜோடி சேரும். ஆகவே அடுத்தடுத்த நகலெடுப்புகளில் சி இருந்த இடத்தில் டி உட்கார்ந்துவிடும். இங்கேதான் தைமினின் மெத்தில் தொகுதி வருகிறது. தைமின் என்பது யுராசிலோடு ஐந்தாம் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்ததுதான். அந்த மெத்தில் ஹைட்ரஜன் பிணைப்பில் கலந்துகொள்வதில்லை, அடினினைப் பிடிக்க யுராசிலே போதும், ஆர்.என்.ஏ. அதை வைத்தே காலம் தள்ளுகிறது. பிறகு டி.என்.ஏ.வுக்கு மட்டும் இந்த ஆபரணம் எதற்கு? டி.என்.ஏ.வில் யுராசில் சட்டப்படியான எழுத்தாக இருந்திருந்தால், இருக்க வேண்டிய யுராசில் எது, சைட்டோசின் கெட்டு வந்த யுராசில் எது என்று எந்த நொதியாலும் பிரித்தறிய முடியாது. தைமின்தான் எழுத்து என்று வைத்துவிட்டால், டி.என்.ஏ.வில் கண்ணில் படும் யுராசில் ஒவ்வொன்றும் பிழையே. மெய்ப்புத் திருத்துபவருக்கு இது தெரியும்: 'வாழை' என்பது 'வாளை' என்று அச்சானால், இரண்டும் சொல்லாக இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், நடுவில் ஒரு தெலுங்கு எழுத்து விழுந்திருந்தால் தப்பவே தப்பாது. மற்ற இரண்டுக்கும் இதே முறைதான். அடினின் அமினோவை இழந்தால் ஹைப்போசாந்தின். குவானின் இழந்தால் சாந்தின். இரண்டுமே டி.என்.ஏ.வின் அகரவரிசையில் இல்லை. அமினோ உள்ள மூன்று எழுத்துகளும் கெட்டால் அயலாகவே மாறுகின்றன. நான்காவதிடம் இழப்பதற்கு அமினோவே இல்லை. நால்வரும் எதேச்சையாக இப்படி வந்து சேர்ந்தார்கள் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

நம்பிக்கை ஆதாரமாகாது. ஆதாரம் மூன்று இடங்களில் இருக்கிறது. லிண்டால் 1974இல் ஈ.கோலை பாக்டீரியாவில் டி.என்.ஏ.விலிருந்து யுராசிலை மட்டும் கழற்றியெடுக்கும் நொதியைக் கண்டுபிடித்தார். அப்படி ஒரு காவலாளி இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது, தேடினார், கிடைத்தது. (2015 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இத்தகைய பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காகத்தான்.) இரண்டாவதுதான் என் மனத்துக்கு மிக அழுத்தமானது. ஈ.கோலை சில சைட்டோசின்களின் ஐந்தாம் இடத்தில் தானாகவே ஒரு மெத்திலைச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சைட்டோசின் அமினோவை இழந்தால் யுராசில் வராது, நேராகத் தைமினே வரும், சட்டப்படியான எழுத்து. ஜெஃப்ரி மில்லர் குழுவினர் 1978இல், ஒரே மரபணுவில் எங்கெங்கே சி டி-யாக மாறுகிறது என்று நூற்றுக்கணக்கான சடுதிமாற்றங்களை எண்ணிப் பார்த்தபோது, அந்த மெத்தில் ஏறிய சைட்டோசின்கள் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக முந்தி நின்றன. மெத்தில் சேர்க்காத பாக்டீரியா இனத்தில் அந்த முந்துதல் மறைந்தது. 1980இல் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். லிண்டாலின் நொதி பழுதான பாக்டீரியாவில் என்ன ஆகும்? அங்கே சாதாரணச் சைட்டோசின்களும் மெத்தில் ஏறியவற்றுக்குச் சமமாக மாறத் தொடங்கிவிட்டன. இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். வேதியியலின் கண்ணில் இரண்டு வகைச் சைட்டோசினும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கெடுகின்றன. ஒன்று பத்திரமாகவும் இன்னொன்று ஆபத்தாகவும் இருப்பதற்குக் காரணம், கெட்டபின் ஒன்று அயல் முகம் காட்டுகிறது, இன்னொன்று வீட்டுப்பிள்ளை முகம் காட்டுகிறது என்பதே.

மூன்றாவது ஆதாரம் அந்த நொதியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. யுராசில் வந்து உட்காரும் அதன் குழியில், 147ஆம் இடத்தில் டைரோசின் என்ற பருத்த அமினோ அமிலம் நிற்கிறது. தைமினின் மெத்தில் உள்ளே நுழைய முடியாமல் அதன் மேல் முட்டிக்கொள்ளும். 204ஆம் இடத்தில் உள்ள அஸ்பரஜின், சைட்டோசினின் அமினோவை ஏற்காமல் யுராசிலின் கார்பனைலை மட்டும் ஏற்றுக்கொள்ளும். 1996இல் நார்வே ஆய்வாளர்கள் மனித நொதியில் இந்த இரண்டையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தார்கள். டைரோசினை எடுத்துவிட்டுச் சிறியதொன்றை வைத்ததும் நொதி தைமினையும் கழற்றத் தொடங்கியது. அஸ்பரஜினை மாற்றியதும் சைட்டோசினைக் கழற்றத் தொடங்கியது. ஒரு மெத்தில், ஓர் அமினோ: காவல் முழுவதும் இந்த இரண்டு தொகுதிகளைத் தடவிப் பார்ப்பதில் அடங்கியிருக்கிறது.

இதற்காகச் செல் கொடுக்கும் கூலி கொஞ்சமில்லை. தைமினின் அந்த மெத்தில் ஃபோலிக் அமிலத்தின் வழித்தோன்றலிடமிருந்து வர வேண்டும். ஃபோலேட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் டி.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில் நுழைகிறது, காவலாளி அதை வெட்ட வெட்ட மறுபடியும் யுராசிலே வந்து உட்காருகிறது, கடைசியில் இழையே அறுகிறது. வேகமாகப் பெருக வேண்டிய ரத்தச் செல்கள்தாம் முதலில் தடுமாறும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளிடம் கண்ட, ஈஸ்ட் சாற்றால் குணப்படுத்திய சோகை இந்த வகைதான். இதே வழியை அடைத்துப் புற்றுநோய்ச் செல்லைப் பட்டினி போடலாம் என்பதற்கு முதல் சான்று 1948இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த அமினாப்டெரின். அந்த மருந்து வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து. பாஸ்பேட்டின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியால் கண்டுபிடிக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறைக்கும் (1925) அவரே இணை உரிமையாளர். டி.என்.ஏ.வின் முதுகெலும்பை அளக்கவும் அதன் மெத்திலை மறிக்கவும் வழி செய்தவர் ஒருவரே. நம் பள்ளிப் பாடங்களில் அவருக்கு இன்னும் இரண்டு பக்கம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இனி மறுப்புகள். யுராசிலையே டி.என்.ஏ.வில் எழுத்தாக வைத்துக்கொண்டு வாழும் உயிர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பி.பி.எஸ்.2 என்ற வைரஸின் டி.என்.ஏ.வில் தைமினே கிடையாது, முழுக்க யுராசில்தான். ஆனால் அது உள்ளே நுழைந்ததும் செய்யும் வேலைகளில் ஒன்றைப் பாருங்கள்: லிண்டாலின் நொதியை இறுகப் பிடித்து முடக்கும் சிறிய புரதம் ஒன்றை உற்பத்தி செய்கிறது. காவலாளியின் கையைக் கட்டினால்தான் யுராசில் பிழைக்கும். விதிக்கு மாறாகத் தோன்றும் இந்த உயிரே விதியை ஒப்புக்கொள்கிறது. (அந்தப் புரதத்தை 2016 முதல் மரபணுவில் ஒற்றை எழுத்தை மாற்றும் கருவிகளில் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள், சி-யை வேண்டுமென்றே யுராசிலாக்கிவிட்டு, செல் அதைத் திருத்திவிடாதபடி தடுக்க.) ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தைமினும் இல்லாமல், இரண்டாம் ஹைட்ராக்சிலையும் வைத்துக்கொண்டு நன்றாகத்தானே வாழ்கின்றன என்பது இன்னொரு கேள்வி. நீளத்தைக் கவனியுங்கள். கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 30,000 எழுத்துகள், ஆர்.என்.ஏ. வைரஸ்களில் மிகப் பெரியவற்றின் வரிசையில் நிற்பது, அதற்கே திருத்தும் நொதி ஒன்று தேவைப்படுகிறது. நம்முடையது 300 கோடி. ஏராளமாக நகலெடுத்துப் பெரும்பாலானவை வீணாவதை வைரஸ் பொருட்படுத்தாது. ஒரு நரம்புச் செல்லுக்கு அந்த வசதி இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 'ஏற்றபடி', 'லாபம்' என்றெல்லாம் பேசுகிறீர்களே, இயற்கை என்ன உட்கார்ந்து யோசித்தா தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தது? அமைந்தபின் காரணம் கற்பிக்கிறீர்கள். இந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும். லிண்டாலின் நொதி இல்லாத பாக்டீரியா செத்துவிடவில்லை, கூடுதல் சடுதிமாற்றங்களோடு வாழ்கிறது. ஆகவே மெத்தில் இல்லாமல் உயிரே இல்லை என்று நான் சொல்ல முடியாது. 2011இல் ஒரு குழு ஈ.கோலையைப் பல தலைமுறைகள் பழக்கி, தைமின் இருந்த இடங்களில் பெரும்பாலும் குளோரோயுராசிலை ஏற்க வைத்தது. அங்கே ஐந்தாம் இடத்தில் மெத்திலுக்குப் பதில் ஏறக்குறைய அதே பருமனுள்ள குளோரின். மெத்திலுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை, அந்த இடத்தில் ஏதோ ஓர் அடையாளம் இருந்தால் போதும் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். எது முதலில் வந்தது என்ற கேள்விக்குச் செல்லின் சமையல் முறையே ஒரு குறிப்புத் தருகிறது. இன்றும் எந்தச் செல்லும் டி.என்.ஏ.வின் அலகை நேரடியாகச் செய்வதில்லை. ஆர்.என்.ஏ.வின் அலகைச் செய்து, பிறகு கடினமான ஒரு வினையால் ஹைட்ராக்சிலைப் பிடுங்குகிறது. யுராசில் கொண்ட டி.என்.ஏ. அலகைச் செய்து, பிறகு மெத்திலை ஏற்றுகிறது. இரண்டுமே பழைய வீட்டில் பின்னால் செய்த மராமத்து போலத்தான் தெரிகின்றன. பின்னால் சேர்ந்தவை, செலவு பிடிப்பவை, இருந்தும் செல்களால் ஆன உயிர்கள் எல்லாவற்றிலும் நிலைத்தவை. தேர்வு யாரும் செய்யவில்லை, ஆனால் கழித்துவிடும் வாய்ப்பு எத்தனையோ கோடி முறை வந்தும் கழிபடவில்லை.

கடைசி மறுப்பு என் வாதத்தின் நெஞ்சிலேயே கை வைப்பது. பிழை தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், நம் உடலே ஏன் சைட்டோசினில் மெத்திலை ஏற்றுகிறது? மனித டி.என்.ஏ.வில் சி-யை அடுத்து ஜி வரும் இடங்கள் சுமார் 2.8 கோடி, அவற்றில் பத்துக்கு ஏழுக்கு மேல் மெத்தில் ஏறியவை. எந்த மரபணு எங்கே அடங்கியிருக்க வேண்டும் என்பதைச் செல் இந்த மெத்தில்களால் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்புக்கான விலை பயங்கரமானது. அவை கெட்டால் தைமினாகிவிடும். எதிரே குவானின் இருப்பதை வைத்துப் பொருத்தமின்மையைக் கண்டுபிடிக்கத் தனி நொதிகள் உண்டு. ஆனால் அவை யுராசில் காவலாளிக்கு ஈடாகாது. பரம்பரை நோய்களை உண்டாக்கும் ஒற்றை எழுத்து மாற்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த இடங்களில்தான் என்று 1988இல் ஒரு தொகுப்பு காட்டியது. புற்றுநோய்களில் அடிக்கடி பழுதாகும் பி53 மரபணுவில் 175, 248, 273 ஆகிய பெயர்பெற்ற இடங்களும் இத்தகையவை. எதிர்பார்க்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்தச் சி–ஜி ஜோடிகள் நம்மிடம் மிச்சம். மற்றவை நெடுங்காலத்தில் தைமினாகக் கரைந்துபோயின. பாதுகாப்பு ஏற்பாட்டை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் கேடு குவிகிறது. எது எதைக் காத்துவந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனையை நாமாக வடிவமைத்திருக்க முடியாது.

டி.என்.ஏ. நிலையானது என்பதற்கு எலும்புகளிலும் மண்ணிலும் கிடைக்கும் பழைய டி.என்.ஏ.வைக் காட்டுவோர் உண்டு. கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து 20 லட்சம் ஆண்டுப் பழமையான துண்டுகளைப் படித்ததாக 2022இல் அறிவித்தார்கள். குளிரும் களிமண்ணும் தந்த ஆயுள் அது, கிடைத்ததும் சில பத்து எழுத்து நீளமுள்ள துணுக்குகள்தாம். பழுதுபார்ப்பவர் செத்தபின் மூலக்கூறு மட்டும் தனியாக என்ன ஆகிறது என்பதை அந்தத் துணுக்குகளில் பார்க்கலாம்: குவானின், அடினின் கழன்ற இடங்களில் முறிந்திருக்கின்றன, நுனிகளில் சைட்டோசின்கள் யுராசிலாகியிருக்கின்றன. ஸ்வாந்தே பாபோ வளர்த்த பழைய டி.என்.ஏ. ஆய்வுத் துறையில் இந்த யுராசிலே ஒரு முத்திரை. அது இல்லாத துணுக்கு அண்மைக்கால மனிதக் கை பட்டு வந்ததோ என்று சந்தேகிக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், மாதிரியில் லிண்டாலின் நொதியை விட்டு யுராசில்களை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். மெத்தில் ஏறியிருந்த சைட்டோசின்கள் மட்டும் தைமினாக மாறி, எடுபடாமல் தங்கிவிடும். எங்கெங்கே அப்படித் தைமின்கள் மிதமிஞ்சி இருக்கின்றனவோ, உயிரோடு இருந்தபோது அங்கெல்லாம் மெத்தில் இருந்தது என்று பொருள். 2014இல் நியாண்டர்தால், டெனிசோவன் மனிதர்களின் மெத்தில் வரைபடத்தை இப்படித்தான் வரைந்தார்கள். கை கால் வளர்ச்சியில் பங்குள்ள ஹாக்ஸ்-டி மரபணுக் கொத்தில் அவர்களுடைய மெத்தில் அடையாளங்கள் நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன.